பழுதறிந்து ஒலி காத்தல்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 16 கிலோமீற்றர் சென்றால் வந்தாறுமூலை என்னும் ஊர் வரும். வயலும் வாவியும் சூழ்ந்த இவ்வூர் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாக அறியப்படுகின்றது. 1981ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய அந்நிறுவனம் 1986ஆம் ஆண்டில் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழகம் வந்து சேர்வதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இப்பகுதி ஊர்களுக்கு உரிய செல்வம் ஒன்று உண்டு. அதுதான் கூத்து. வேளாண்மை வெட்டி முடிந்த பின்னர் வட்டக்களரி அமைத்து, விடிய விடிய ஆடப்பெறும் வடமோடியும் தென்மோடியும் மட்டக்களப்பு நாட்டின் பெருமைக்குரிய கலைகள். களரியில் நின்று மத்தளம் கொட்டிப் பாட்டெடுத்துக் கொடுக்கும் அண்ணாவியாரே அக்கலைக்கு ஆசிரியர்; அவரே அதன் நூலகமும் ஆவார்.

கூத்துப் பாட்டின் சொற்களை ஏட்டிலும் கொப்பியிலும் எழுதிவைக்கலாம். ஆனால், அதனைப் பாடும் முறையையும், தாளக்கட்டு விரைந்தும் தளர்ந்தும் செல்லும் நடையையும் எழுத்து முற்றாகத் தாங்குவதில்லை. ஒலி அழிந்த பின் அதனைத் தேடுவது எத்துணை அரிய செயல் என்பதற்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த பழந்தமிழ் யாழின் இசையை நூற்சான்று கொண்டும் கணக்குக் கொண்டும் ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ் நூலாக வெளியிட்டார். அது பல்லாண்டு உழைப்பின் பயன். பழைய யாழின் ஒலி ஒரு மணி நேரமேனும் எங்கேனும் பதிந்து கிடந்திருக்குமாயின், அவ்வுழைப்பின் பெரும்பகுதி வேண்டியிருந்திராது.

இன்று ஒலியைப் பதிவது அரிய செயலன்று. வீட்டின் ஓர் அறையே கலையகமாகின்றது. ஓர் ஒலிவாங்கி, அது தரும் மின்குறிப்பைப் பெருக்கி எண்களாக மாற்றும் சிறு பெட்டி, ஒரு கணினி, இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு காதணி ஒலிபெருக்கி ஆகியன இருந்தாற் போதும். கலையகம் வீட்டுக்கு வந்ததுபோலவே, கலையகத்தின் பழுதுகளைத் தீர்க்கும் பொறுப்பும் வீட்டுக்கு வந்துவிட்டது. வானொலி நிலையத்தில் பொறியியலாளர் இருப்பார். மாற்றுக் கருவியும் இருக்கும். வந்தாறுமூலை வீட்டில் இரண்டும் இல்லை.

வந்தாறுமூலையில் ஓர் இளைஞன் தன் வீட்டறையில் இத்தகைய கலையகம் ஒன்றை அமைத்திருப்பதாகக் கொள்க. எழுபது வயதைக் கடந்த அண்ணாவியார் ஒருவர், தம் ஆசிரியரிடம் பாடங்கேட்ட பழைய பாடல்களைப் பாடிப் பதிந்துவைக்க இசைந்து வந்திருக்கின்றார். அவருக்கு மூச்சு வாங்குகின்றது. நாளை வருவாரா என்பது ஐயம். பாட வாயெடுக்கும் வேளையில் ஒலிபெருக்கியில் “உம்ம்” என்னும் இரைச்சல் எழுகின்றது. “என்ன தம்பி, பாட முந்தியே பெட்டி சுருதி போடுகிறதோ?” என்கிறார் அண்ணாவியார். “சற்றுப் பொறுங்கள் அண்ணாவியார், இப்போது பார்த்துவிடுகிறேன்” என்கிறான் இளைஞன். அவன் செய்ய வேண்டியது யாது? கண்ட திருகிகளையெல்லாம் திருகி, கம்பிகளையெல்லாம் பிடுங்கி மாற்றுவானாயின், பழுது நீங்கினாலும் அது எங்கிருந்தது என்பது தெரியாமலே போகும்; மறுநாள் அதுவே திரும்பவும் வரும்.

பழுதறிதலின் முதல் விதி, ஒலி செல்லும் வழியை மனத்திற் படமாக வரைந்துகொள்வது. குரல் ஒலிவாங்கியிற் படுகின்றது; அங்கிருந்து கம்பி வழியே பெருக்கிக்கும், பெருக்கியிலிருந்து எண்மாற்றிக்கும், அங்கிருந்து கணினிக்கும் செல்கின்றது; மீண்டு ஒலிபெருக்கிக்கு வருகின்றது. இஃது ஒரு வாய்க்காலைப் போன்றது. கடை வயலுக்கு நீர் வரவில்லையென்றால் உழவன் வாய்க்காலை முழுவதும் வெட்டிப் பார்ப்பதில்லை. நடுவில் ஓரிடத்திற் சென்று நீர் உண்டா எனப் பார்க்கின்றான். உண்டெனின் உடைப்பு கீழே உள்ளது. இல்லையெனின் மேலே உள்ளது. ஒரே பார்வையிற் பாதி வாய்க்கால் ஐயத்தினின்றும் நீங்கிவிடுகின்றது. எஞ்சிய பாதியையும் இவ்வாறே பகுத்தால், நாலைந்து சோதனைகளுக்குள் பழுதுற்ற இடம் அகப்படும். இரண்டாவது விதி, ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுவது. மூன்றாவது விதி, கண்டதைத் தாளிற் குறித்துவைப்பது.

அவ்விளைஞன் முதலில் காதணி ஒலிபெருக்கியைச் சிறு பெட்டியில் நேரே பொருத்திக் கேட்க வேண்டும். அதில் இரைச்சல் இல்லையாயின் பழுது ஒலிபெருக்கிகளின் பக்கத்தது; பதிவாகும் குரலை அது தீண்டாது; அண்ணாவியார் தடையின்றிப் பாடலாம். அதிலும் இரைச்சல் கேட்குமாயின் பழுது முன்பகுதியில் உள்ளது. அப்போது ஒலிவாங்கியின் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டும். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றம் கம்பியிலோ ஒலிவாங்கியிலோ இருக்கின்றது. நில்லாவிடின் பெட்டியிலோ அதற்கு மின் வழங்கும் பகுதியிலோ இருக்கின்றது. இரண்டே சோதனைகளில், ஐயத்துக்குரிய இடம் கைக்கடக்கமாகிவிட்டதைக் காணலாம்.

இரைச்சல்களும் பலவகைப்படும், ஒவ்வொன்றும் தன் பிறப்பிடத்தைத் தானே சொல்லும். இலங்கையில் வீடுகளுக்கு வரும் ஆடலோட்ட மின்சாரம் 230 உவோற்று அளவினது. வினாடிக்கு 50 முறை அலைவது. ஆகவே மின்னிணைப்பிலிருந்து நேரே புகும் இரைச்சல், வினாடிக்கு 50 அதிர்வு கொண்ட தாழ்ந்த முழக்கமாக இருக்கும். கருவியினுள்ளே ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பகுதி பழுதுற்றால், முழு அலையும் மடிக்கப்படுவதால், 100 அதிர்வு கொண்ட இரைச்சல் எழும். முன்னையதிலும் இது சரியாக ஒரு தாயி உயர்ந்தது. சுருதி அறிந்த செவிக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும்.

50 அதிர்வு முழக்கத்துக்குப் பெரும்பாலும் காரணமாவது புவித்தொடுப்புச் சுற்று. கணினி ஒரு சுவர்க்குதையிலும் ஒலிபெருக்கி மற்றொரு சுவர்க்குதையிலும் மின்சாரம் பெறுமாயின், அவற்றின் புவிக்கம்பிகளும் ஒலிக்கம்பியின் உறையும் சேர்ந்து ஒரு பெரு வளையமாகின்றன. வீட்டு மின்கம்பிகளின் காந்தப்புலம் அவ்வளையத்திற் சிறு மின்னோட்டத்தைத் தூண்ட, அது இரைச்சலாகக் கேட்கின்றது. எல்லாக் கருவிகளையும் ஒரே குதைத்தொகுதியில் இணைத்தால் வளையம் சுருங்கி இரைச்சல் அடங்கும். சிலர் செருகியின் புவியூசியை முறித்துவிட்டு இரைச்சல் நின்றதென மகிழ்கின்றனர். இது பெருந்தவறு. கருவியினுள் மின்கசிவு நேர்ந்தால் உயிர்காப்பது அவ்வூசியே.

மடிக்கணினியின் மின்னேற்றியும் இரைச்சலுக்கு ஒரு காரணமாகும். புவியூசி இல்லாத மின்னேற்றிகளிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் ஒலிவாங்கியின் உலோக உடலைத் தொடும்போது கையிற் கூச்சமாகத் தெரிவதும் உண்டு. மின்னேற்றியைக் கழற்றி, பற்றரியில் மட்டும் கணினியை இயக்கிப் பார்க்க வேண்டும். இரைச்சல் உடனே மறையுமாயின் வேறொன்றைத் தேட வேண்டியதில்லை. முழுப் பாட்டையும் பற்றரியிலேயே பதிந்துகொள்ளலாம்.

இனிக் கம்பிகளைப் பற்றிக் கூறவேண்டும். வீட்டுக் கலையகங்களில் மிகுதியாகப் பழுதாவது கம்பியே. ஒலிவாங்கி தரும் மின்குறிப்பு சில மில்லியுவோற்று அளவினது. பெருக்கி அதனை ஆயிரம் மடங்குவரை பெருக்குகின்றது. குறிப்போடு கலக்கும் இரைச்சலும் அதே அளவு பெருகும். இதனைத் தவிர்ப்பதற்காகவே மூன்று ஊசிச் செருகியுடைய கம்பி வகுக்கப்பட்டது. அதனுள் இரண்டு கம்பிகள் ஒரே குறிப்பை எதிரெதிர் நிலையில் ஏந்திச் செல்கின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே நிலையிற் படுகின்றது. பெருக்கி இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்து குரல் எஞ்சுகின்றது. இவ்விரு கம்பிகளையும் சூழ்ந்துள்ள உலோக வலை வெளிப்புலத்தைத் தடுக்கும் வேலி. வலை அறுந்தால் வேலி சாய்ந்த வயலின் கதிதான்.

கம்பி அறுவது நடுவில் அன்று. செருகிக்கு அருகில், அடிக்கடி வளையும் இடத்தில். பன்மானியைத் தொடர்ச்சி காட்டும் நிலையில் வைத்து, ஒரு முனையின் ஊசியையும் மறுமுனையின் அதே ஊசிக்குரிய துளையையும் தொட்டுக்கொண்டு கம்பியை மெல்ல அசைத்தால், அறுந்த இடத்திற் குறி விட்டுவிட்டு வரும். அவ்விடத்தை வெட்டி நீக்கி, கம்பியை மீண்டும் ஈயம் பற்றவைத்தால் கம்பி புதிதாகும். ஈயத்தைக் கோலில் உருக்கி இணைப்பின்மேல் அப்புதல் கூடாது. இணைப்பைச் சூடாக்கி, அச்சூட்டில் ஈயம் தானே உருகி ஓடும்படி செய்தல் வேண்டும். ஓடிப் படிந்த ஈயம் நிலைக்கும். உருண்டை கட்டிய ஈயம் சில நாளில் மீண்டும் கைவிடும்.

ஒலித்திருகியைத் திருப்பும்போது “கரகர” என்னும் ஒலி எழுவது மற்றொரு நோய். வாவிக்கரை ஊர்களுக்கு இது மிகவும் பழக்கமானது. உவர்நீரின் ஈரக்காற்று உலோகத் தொடுமுனைகளில் மெல்லிய களிம்பைப் படியச் செய்கின்றது. ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவக்காற்று மழை கொண்டு வரும் மாதங்களில் ஈரமும், கச்சான் வீசும் மாதங்களில் புழுதியும் உட்புகுகின்றன. மின்சாரத்தை நிறுத்திய பின், தொடுமுனைகளுக்கென்றே செய்யப்பட்ட துப்புரவுத் திரவத்தைச் சிறிதளவு பீய்ச்சி, திருகியை இருபது முப்பது தரம் முழுவதும் திருப்பினால் பெரும்பாலும் குணமாகும். தேங்காயெண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ இடுதல் ஆகாது. அது இன்று ஒலியை அடக்கும். நாளை புழுதியைச் சேர்த்துச் சேறாக்கும்.

ஈரத்துக்கு மிக அஞ்ச வேண்டியது கொள்ளளவி வகை ஒலிவாங்கி. அதன் மென்றகடு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில கூறுகளே தடித்தது. அதனோடு இணைந்த சுற்றின் தடை மிக மிக உயர்ந்ததாகையால், மேலே படியும் சிறிதளவு ஈரமும் மின்சாரம் கசியும் வழியாகிவிடும். அப்போது அப்பளம் பொரிவது போன்ற ஒலி கேட்கும். இது பழுதன்று, ஈரம் காய்ந்ததும் நீங்கிவிடும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளை இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் ஒலிவாங்கியை வைத்துவந்தால் இத்தொல்லை வாராது. அரிசிப் பானையிற் புதைத்துவைக்கும் வழக்கம் வேண்டா. மாத்தூசு ஈரத்தினும் கேடு செய்யும். இயங்குசுருள் வகை ஒலிவாங்கி இத்துணை மென்மையானதன்று. மழைக்கால ஊர்ப்புறப் பதிவுக்கு அதுவே ஏற்றது.

கருவியின் உள்ளுறுப்புகளுள் வயதால் முதலில் தளர்வது மின்பகுகொள்ளளவி. அதனுள் இருக்கும் ஈரப்பசை காலத்தால் உலர்கின்றது. வெப்பநிலை பத்துப் பாகை உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கொள்ளும் கணக்கு. ஓட்டுக்கூரையின் கீழ், காற்றோட்டமின்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கருவிகள் விரைவிற் கெடுவது இதனாலேயே. மேற்புறம் உப்பியதாகவோ அடியிற் கசிந்ததாகவோ தோன்றும் கொள்ளளவியை மாற்ற வேண்டும். புதியது அதே கொள்ளளவும், அதே அளவோ அதனின் மிகுந்த அளவோ உவோற்றுத் தாங்கும் திறனும் உடையதாக இருத்தல் வேண்டும். நேர்முனை எதிர்முனை மாறாது பொருத்தப்படுதலும் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 230 உவோற்று மின்சாரம் நேரோட்டமாகும்போது அதன் உச்ச அளவு ஏறத்தாழ 325 உவோற்று ஆகின்றது. செருகியைக் கழற்றிய பின்னரும் அவ்வளவு மின்சாரம் கொள்ளளவியில் தேங்கி நிற்கலாம். கம்பி, செருகி, திருகி ஆகியவற்றைத் திருத்துதல் எவரும் பழகக்கூடிய வேலை. மின்வழங்கும் பகுதியைத் திறப்பது பயின்றவர் கைக்கே உரியது. உருகி அறுந்தால் அதே அளவுள்ள உருகியையே இடவேண்டும். வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுவது வீட்டுக்குத் தீயை அழைப்பதாகும்.

கணினி வந்தபின் புதிய வகைப் பழுது ஒன்றும் வந்தது. அதில் எதுவும் உடைவதில்லை; கணக்கு மட்டும் பிழைக்கின்றது. ஒலி எண்களாகும்போது வினாடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளக்கப்படுகின்றது. 48,000 என்னும் கணக்கிற் பதிந்த பாட்டை 44,100 என்னும் கணக்கில் ஓடவிட்டால், ஒரு நிமிடப் பாட்டு 65 வினாடிக்கு மேல் நீளும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரைச் சுரத்தானம் தாழும். அண்ணாவியாரின் குரல் அவர் குரலாகவே இராது. இதனை அறியாதோர் ஒலிவாங்கியைக் குறைகூறுவர். பெட்டியிலும் கணினியிலும் ஒரே எண் அமைந்துள்ளதா எனப் பார்த்தாற் போதும்.

பழைய ஒலிநாடாக்களின் செய்தி இன்னும் உருக்கமானது. 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகஞ் செய்த கசெற் என்னும் சிறு நாடாப்பெட்டி, பின்னர் ஊரெங்கும் பரவிற்று. மறைந்த அண்ணாவிமாரின் குரல்கள் பல வீடுகளின் பெட்டகங்களில் இவ்வாறே உறங்குகின்றன. கசெற்றின் நாடா வினாடிக்கு 4.76 சென்றிமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. வினாடிக்குப் பத்தாயிரம் அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை, நாடாவின்மேல் 4.76 மைக்கிரோன் நீளத்தில் அடங்கிவிடுகின்றது. தலைப்பகுதிக்கும் நாடாவுக்கும் இடையில் ஒரு மைக்கிரோன் தடிப்புக்கு அழுக்குப் படிந்தாலே அவ்வொலி காற்பங்களவாகக் குறைந்துவிடும். சல்லரியின் ஒலி மங்கி, பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சால் தலைப்பகுதியைத் துடைத்து உலரவிட்டால், நாற்பதாண்டு மங்கல் ஒரு நொடியில் விலகுவதைக் காணலாம்.

குரல் ஆடி அசைந்து, சுருதி ஏறியிறங்குமாயின், கருவியின் இறப்பர் வார் தளர்ந்துள்ளது என்பது பொருள். வெப்பத்தில் அது உருகித் தார்போல் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வாரை மாற்றுவது எளிது. நாடாவிற் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதனை உடனே ஓட்டுதல் கூடாது. ஓட்டினால் பூஞ்சணம் கருவியிலும், கருவியிலிருந்து அடுத்த நாடாவிலும் தொற்றும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உலர்ந்த இடத்தில், மென்றுணியால் துடைத்தெடுத்த பின்னரே ஓட்ட வேண்டும். பழைய நாடாவை ஒருபோதும் கேட்பதற்கென்று மட்டும் ஓட்டலாகாது. முதல் ஓட்டமே அதன் இறுதி ஓட்டமாகவும் கூடும். ஆகவே பதிவுக் கருவியை ஆயத்தஞ் செய்த பின்னரே நாடாவைத் தொடுதல் வேண்டும்.

பழையதைப் பிரித்துப் புதியதாக்கும் கைத்திறன் இலங்கை ஒலிபரப்பின் பிறப்போடே வந்தது. 1923ஆம் ஆண்டில் கொழும்பில் எட்வேட் ஹாப்பர் என்பவரின் முயற்சியால் சோதனை ஒலிபரப்பு நடந்தபோது, பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியிலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பி அமைக்கப்பட்டது என வரலாறு கூறும். 1925ஆம் ஆண்டு திசெம்பரில் முறையான ஒலிபரப்பு தொடங்கிற்று. ஆகவே பழுதுபார்ப்பது இழிந்த வேலை என்றோ, புதியது வாங்க இயலாதவர் செய்வது என்றோ எண்ண வேண்டியதில்லை.

மீண்டும் வந்தாறுமூலை வீட்டறைக்கு வருவோமாயின், அவ்விளைஞன் பதற்றத்தை விட்டுப் படிமுறையிற் செல்கின்றான். காதணியிலும் இரைச்சல் உண்டு. மின்னேற்றியைக் கழற்றுகின்றான், இரைச்சல் மாறவில்லை. ஒலிவாங்கியின் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றுகின்றான், இரைச்சல் நிற்கின்றது. வேறொரு கம்பியை இட்டு அதே ஒலிவாங்கியைப் பொருத்துகின்றான், அறை அமைதியாகின்றது. நான்கு சோதனைகள், பத்து நிமிடம். பழைய கம்பியைப் பன்மானி பின்னர் காட்டிக்கொடுக்கும்: செருகியினுள்ளே வேலியான உலோக வலை அறுந்திருக்கின்றது. அண்ணாவியார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வரவுப் பாட்டை எடுக்கின்றார்.

பாட்டு முடிந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. இரவு முழுவதும் எட்டு மணி நேரம் நிகழும் கூத்தை இரு தடங்களில் உயர்ந்த தரத்திற் பதிந்தாலும் அது எட்டரை கிகாபைற்றுக்குள் அடங்கும். விரல் நீளமுள்ள ஒரு சிறு சேமிப்புக் கோலுக்கு அது பாரமன்று. அதனை இரண்டு பிரதிகளாக்கி, இரண்டு வீடுகளில், இயலுமாயின் இரண்டு ஊர்களில் வைத்தல் வேண்டும். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துச் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்து ஆழிப்பேரலையையும் கண்ட மட்டக்களப்பு மக்களுக்கு, ஒரே வீட்டில் வைத்த பொருளின் நிலையாமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாடியவர் பெயர், பாட்டின் பெயர், இடம், நாள் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயாற் சொல்லிவைப்பதும் நன்று. பெயரற்ற குரல் பாதி தொலைந்த குரலே.

கருவிகள் பழுதுறுவது இயல்பு. அவற்றைத் திருத்தலாம், மாற்றலாம். ஆனால் முதியவர் குரலுக்கு மாற்று உறுப்பு எக்கடையிலும் கிடையாது. பழுதின் இடத்தை விரைந்து அறியும் பயிற்சி பாட்டுக்குரிய நேரத்தை மீட்டுத் தருகின்றது. பெட்டியில் ஒரு மாற்றுக் கம்பியும் கையில் ஒரு பன்மானியும் வைத்திருப்பவன், பதிவு நாளில் அந்நேரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.